வன்னியில் முதுமை – 9: மூச்சு வாங்கினால் வயசு போனதாம்

சென்ற கிழமை பிறசரையும் சலரோகத்தையும் பற்றி எழுதியபோது ஒரு வருத்தத்தை வேண்டுமென்றே பின்னுக்கு வைத்தேன். கிளினிக் கொப்பிகள் பலவற்றில் அதன் பெயரே இருக்காது. இதய வால்வு நோய்.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் கிளினிக் நடக்கிற நாளொன்றில் காலையிலேயே போய் வாங்கில் இருங்கள். உடுப்புக்கடைப் பைக்குள் கொப்பியைச் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஐயாமாரில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"என்னய்யா, களைக்குதோ?"

"இல்லைத் தம்பி. வயசு போகுதுதானே."

"வயலுக்குப் போறனீங்களோ?"

"முந்திப் போறனான். இப்ப மகன் பாக்கிறான்."

"கோயிலுக்கு?"

"ஓட்டோவில போறது. நடந்தா இடையில ரெண்டு இடத்தில நிக்கோணும்."

ஐயா பொய் சொல்லவில்லை. களைப்புத் தரும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். ஆகவே களைப்பு இல்லை. முதலில் மண்வெட்டி, பிறகு சைக்கிள், பிறகு நடை. வீட்டுக்காரரும் "அப்பு இப்ப ஓய்வா இருக்கிறார்" என்று நிம்மதிப்படுவார்கள். வைத்தியர் "மூச்சு வாங்குதோ" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். அதைவிட, போன பொங்கலுக்குச் செய்த எந்த வேலையை இந்தப் பொங்கலுக்குச் செய்யேலாமல் போனது என்று பிள்ளைகள் கேட்டுப் பார்க்கலாம்.

நம் இதயத்தில் 4 வால்வுகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை திறந்து மூடுகின்றன. இரணைமடுவின் வான்கதவு துருவேறி அரைவாசிக்கு மேல் தூக்க முடியாமல் நின்றால் குளத்துக்குள் என்ன நடக்கும்? வயதோடு கல்சியம் படிந்து பெருநாடி வால்வு இறுகும்போது இதயத்துக்குள் நடப்பதும் அதுதான். 3, 4 சதுர சென்ரிமீற்றர் திறக்க வேண்டிய வாய் 1 சதுர சென்ரிமீற்றருக்கும் கீழே சுருங்கிவிடும். அந்தச் சிறிய வாயால் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் தசை தடிக்கும். இது பல வருடம் சத்தமில்லாமல் நடக்கும். மூச்சு வாங்குவது, நெஞ்சு இறுக்குவது, வேலை செய்யும்போது தலைசுற்றி விழுவது என்று ஏதாவதொன்று தொடங்கிவிட்டால் பிறகு காலம் அதிகமில்லை. கவனிக்காமல் விட்டவர்கள் சராசரியாக 2 முதல் 5 வருடத்துக்குள் இறந்துபோனதை 1968இலேயே அமெரிக்க வைத்தியர்களான ரோஸும் பிரவுன்வால்ட்டும் எழுதிவிட்டார்கள். அரிதான வருத்தமும் இல்லை. அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 75 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குக் கவனிக்க வேண்டிய அளவில் வால்வுக் கோளாறு இருந்தது.

ஊரில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று: "ஈசிஜி எடுத்தது, ஒண்டும் இல்லையாம்." ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவது. வால்வு அதில் தெரியாது. பிறசர் மெசினுக்கும் சீனி பார்க்கும் ஊசிக்கும் கூட அது அகப்படாது. முதலில் கண்டுபிடிப்பது வைத்தியரின் காது. நெஞ்சில் குழாயை வைத்தால் இரண்டு துடிப்பொலிகளுக்கு நடுவே ஓர் இரைச்சல் கேட்கும். அதை உறுதிப்படுத்துவது எக்கோ எனும் இதய ஸ்கான். நூறு பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் கொப்பியைப் பார்த்துக் குளிசையை எழுதி அனுப்பத்தான் நேரம் போதும் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் வருடத்தில் ஒரு தடவையாவது "டொக்டர், நெஞ்சை ஒருக்கா வைச்சுப் பாருங்கோ" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வன்னிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சிறுவயதில் தொண்டை நோவோடு வரும் ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமி, சில பிள்ளைகளுக்கு ருமாற்றிக் காய்ச்சலாக மாறி வால்வைத் தின்னும். மூட்டு வீக்கம் சில கிழமைகளில் வற்றிவிடும்; வால்வில் விழுந்த வடு வற்றாது. நெருக்கமாகப் படுத்துறங்கும் இடங்களில் இந்தக் கிருமி இலகுவாகப் பரவும். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த சனமும், 1996இல் கிளிநொச்சியை விட்டு எழும்பிய சனமும் ஓலைக் கொட்டில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் எப்படி இருந்தார்கள் என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறுபடி காய்ச்சல் வராமல் காக்கும் பெனிசிலின் ஊசியை 3, 4 கிழமைக்கு ஒருக்கா வருடக்கணக்கில் போட வேண்டும். வால்வில் வடு விழுந்தவருக்குக் குறைந்தது 10 வருடம், அல்லது 40 வயது வரை. மருந்துக்கும் தடையிருந்த காலத்தில், ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் மாறிய குடும்பங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த ஊசி தவறாமல் கிடைத்திருக்கும்? அன்றைய பத்து வயதுப் பிள்ளைகள் இன்று நாற்பதைத் தொட்டு நிற்கிறார்கள். முட்டு என்று சொல்லி இன்ஹேலர் இழுக்கும் சிலருக்கு உண்மையில் இறுகியிருப்பது இதயத்தின் மைற்றல் (ஈரிதழ்) வால்வாக இருக்கலாம். இந்த இறுக்கம் பெண்களில்தான் அதிகம்.

இறுகிய வால்வைக் குளிசையால் திறக்க முடியாது. நீர் போகிற குளிசை கால் வீக்கத்தை வற்றவைக்கும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தால் மூச்சு கொஞ்சம் இலேசாகும். உடனே "சுகம் வந்திட்டுது" என்று கிளினிக்கை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு இரவோடிரவாக அம்புலன்ஸில் வருகிறார்கள். சரியான வழி வால்வைப் பழுதுபார்ப்பது, பலூனால் விரிப்பது அல்லது மாற்றுவது. 2002இல் பிரான்ஸின் ரூவோன் நகரில் அலென் கிறிபியே நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாக விட்ட குழாயால் புது வால்வைப் பொருத்திக் காட்டினார். அந்த முறையின் விலை நம்மவருக்கு எட்டாதது. ஆனால் திறந்த இதய சத்திரசிகிச்சை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலேயே நடக்கிறது. கொழும்புக்கும் கண்டிக்கும் மட்டுமே துண்டு எழுதிய காலம் போய்விட்டது. பணம் தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025இல் இருந்து அதைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

என்றாலும் முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். தனித்திருக்கும் ஆச்சி ஒருவருக்கு முதற் கேள்வி பணமில்லை. "ஆர் என்னைக் கூட்டிக்கொண்டு போறது?" கிராமத்துச் சங்கங்கள் இந்த ஒன்றை மட்டும் பொறுப்பெடுத்தாலே பெரிய காரியம்.

உலோக வால்வு வைத்தவருக்குச் சத்திரசிகிச்சையோடு கதை முடிவதில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் குளிசை, ஆயுள் முழுக்க. குறைந்தால் வால்வில் கட்டி பிடித்துப் பாரிசவாதம். கூடினால் இரத்தப் போக்கு. ஆகையால் இரத்தம் உறையும் அளவைப் பார்க்கும் ஐஎன்ஆர் சோதனையைத் தவறவிடக் கூடாது. கீரை இந்தக் குளிசையின் வேலையைப் பாதிக்கும் என்பதற்காக முருங்கை இலையையும் வல்லாரையையும் விட்டுவிடத் தேவையில்லை. ஒரு கிழமை தினமும் தின்று மறு கிழமை தொடாமல் இருப்பதைத் தவிர்த்து, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். உடம்பு உளைவுக்குப் பாமசியில் தாமாக வாங்கும் நோக்குளிசை ஆபத்து. பல்லுப் பிடுங்கப் போனால் வால்வு வைத்திருப்பதை முதலிலேயே பல் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து என்றாலும் சரி, கனடாவில் இருந்து மகள் அனுப்பிய சத்து மாத்திரை என்றாலும் சரி, அந்தப் போத்தலையும் கொப்பியோடு பைக்குள் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும்.

(தொடரும்)