சிந்தாத எண்ணெய்தான் லாபம்: டின்னுக்கு ஒரு வளையும் மூக்கு



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியில் மழைத் தண்ணி நின்றால் உப்பு எங்கே விளையும்? அந்த மாதங்களில் கைச்செலவுக்கு என்ன வழி என்று பெருமுக்கல் பக்கத்துக் குழுக்களில் பேச்சு வரும்போதெல்லாம் எண்ணெய் வியாபாரம் என்ற யோசனையும் வருகிறது. நல்ல யோசனைதான். நம் திண்டிவனம் வட்டாரம் மல்லாட்டைக்குப் பேர் போனது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று மல்லாட்டை ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை.

டின்னில் எண்ணெய் வாங்கி, பாட்டிலில் அடைத்து விற்பது என்று முடிவு செய்தால் முதல் நாளே ஒரு தொல்லை வரும். டின்னைச் சாய்த்தால் எண்ணெய் கொடகொடவென்று வரும். பாட்டில் வாயில் கொஞ்சம், வெளியில் கொஞ்சம். டின் பக்கமெல்லாம் வழியும், கையெல்லாம் பிசுபிசுக்கும், தரை வழுக்கும். "இதுல இன்னா இருக்கு, துணியால துடைச்சா போச்சு"ன்னு சொல்வீங்க. துணியில் போவது எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்ப்போம்.

துணியில் போகும் லாபம்

ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். ஆகவே 15 கிலோ டின்னில் சுமார் 16½ லிட்டர் இருக்கும். அரை லிட்டர் பாட்டிலாக அடைத்தால் 33 பாட்டில்.

ஒரு பேச்சுக்கு, ஒரு பாட்டிலுக்கு ஒரு சின்ன ஸ்பூன், அதாவது 5 மில்லி சிந்துகிறது என்று வையுங்கள். 33 பாட்டிலுக்கு 165 மில்லி. லிட்டர் 200 ரூபாய் என்றால் 33 ரூபாய். "முப்பத்து மூணு ரூபாதானே" என்று விட்டுவிடாதீர்கள். லிட்டருக்கு 10 ரூபாய் லாபம் வைத்து விற்றால், ஒரு டின்னில் மொத்த லாபமே 165 ரூபாய்தான். அதில் 33 ரூபாய் என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து பேர் சேர்ந்து தொழில் செய்தால், ஒருவருடைய பங்கு முழுவதும் தரையில் போகிறது!

எண்ணெய் ஏன் கொடகொடவென்று வருகிறது?

டின்னிலிருந்து எண்ணெய் வெளியே வந்தால், உள்ளே அந்த இடம் காலியாகும். அந்த இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். போக ஒரே வாய்தான் இருக்கிறது. அந்த வாயில் எண்ணெய் வெளியே வருகிறது, காற்று உள்ளே போகப் பார்க்கிறது. ஒற்றை ஆள் நுழையும் சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் என்ன ஆகும்? ஒருவர் நிற்க வேண்டும், ஒருவர் போக வேண்டும். அதேதான் இங்கும். கொஞ்சம் எண்ணெய் வரும், நிற்கும். ஒரு குமிழி காற்று உள்ளே போகும். மறுபடி எண்ணெய் குபீரென்று வரும். அந்தக் குபீரில்தான் சிந்துகிறது.

நம் பழைய கெண்டியை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு வாய், பக்கத்தில் ஒரு மூக்கு. மூக்கு வழியாகத் தண்ணீர் வரும்போது மேல்வாய் வழியாகக் காற்று போகிறது. அதனால் சீராக ஒரே கம்பியாக விழுகிறது. கடைக்காரர்கள் டின்னின் ஒரு மூலையில் ஓட்டை போட்டு, எதிர் மூலையில் இன்னொரு சின்ன ஓட்டையும் போடுவதும் இதற்காகத்தான்.

உலக அளவில் இதற்கு ஒரு பெரிய கதையே உண்டு. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் கொண்டு போனது. அவை ஒழுகி ஏராளமான பெட்ரோல் மணலில் போனது. ஜெர்மன் படையிடம் 20 லிட்டர் கேன் ஒன்று இருந்தது. அதற்கு மூன்று கைப்பிடி, உள்ளே காற்றுக்கென்று தனியாக ஒரு சின்னக் குழாய். ஒழுகவும் இல்லை, கொடகொடக்கவும் இல்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் அதைப் பார்த்துத் தாங்களும் செய்துகொண்டன. எதிரியிடமிருந்தே கற்றுக்கொள்ளும் அளவுக்கு அது முக்கியமாக இருந்திருக்கிறது.

காசு செலவில்லாத முதல் வழி

மூக்கு வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். பெரும்பாலான டின்களில் வாய் நடுவில் இருக்காது, ஓரத்தில் இருக்கும். சாய்க்கும்போது வாய் மேல்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். நாமெல்லாம் பழக்கத்தில் வாயைக் கீழ்ப்பக்கம் வைத்துத்தான் சாய்க்கிறோம். வாய் மேலே இருந்தால் எண்ணெய் வாயின் கீழ்ப்பாதியில் வரும், மேல்பாதியில் காற்று போகும். சண்டை இல்லை.

நல்ல மூக்குக்கு ஐந்து லட்சணம்

கடையில் வாங்கினாலும் சரி, செய்யச் சொன்னாலும் சரி, இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. காற்றுக்கு வழி. மூக்கின் மேல்பக்கம் ஒரு மெல்லிய குழாய், நுனியிலிருந்து டின்னுக்குள் வரை போக வேண்டும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. பாட்டில் நிறைந்து காற்றுக் குழாயின் நுனியை எண்ணெய் மூடியதும், உள்ளே காற்று போகாது. எண்ணெய் வருவதும் நின்றுவிடும்.

2. போதுமான அகலம். எண்ணெய் தண்ணீரைவிடப் பல மடங்கு குழகுழப்பானது. குழாயின் உள் அகலத்தைப் பாதியாக்கினால் எண்ணெய் வருவதும் பாதியாகும் என்று நினைப்போம். அப்படி இல்லை, 16-ல் ஒரு பங்காகிவிடும்! ரத்தக் குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பிய புவாசேய் என்ற பிரெஞ்சு அறிஞர், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் சோதித்து 1840-களில் இதை வெளியிட்டார். ஆனால் பாட்டில் வாய் சிறியது அல்லவா? அதனால் மூக்கு அடியில் அகலமாகவும் நுனியில் மட்டும் குறுகியும் இருக்கட்டும்.

3. அளவான நீளம். நீளம் இரண்டு மடங்கானால் எண்ணெய் வருவது பாதியாகும். பாட்டிலை எட்டும் அளவு போதும்.

4. கூர்மையான உதடு. ஊற்றி நிமிர்த்தியதும் கடைசிச் சொட்டு மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து வருகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? டீ ஊற்றும் கெட்டிலிலும் இதே வழிசல்தான். 1956-ல் ரைனர் என்ற விஞ்ஞானி இதற்கென்று ஒரு பெயரே வைத்தார். 2021-ல்கூட வியன்னா பல்கலைக்கழகம் ஒன்றில் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். நம் அடுக்களை விஷயம் எவ்வளவு பெரிய இடத்தில் பேசப்படுகிறது பாருங்கள்! நமக்கு வேண்டிய பாடம் இதுதான்: உதடு தடிப்பாக, உருண்டையாக இருந்தால் எண்ணெய் ஒட்டிக்கொண்டு பின்னால் வழியும். மெல்லியதாக, கூர்மையாக, கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்திருந்தால் சொட்டு அறுந்து பாட்டிலிலேயே விழும். ஊற்றி முடித்ததும் சட்டென்று நிமிர்த்துங்கள். மெதுவாக நிமிர்த்தினால்தான் வழிசல் அதிகம்.

5. இறுக்கமான மூடி. எண்ணெயில் காற்று பட்டுக்கொண்டே இருந்தால் காரல் வாடை வரும். இரும்புத் துரு கலந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். நம் பக்கம் உப்புக் காற்று. ஆணியால் குத்திய ஓட்டையின் விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கடைக்காரர் மாதிரி ஆணி ஓட்டை போடுவது நமக்குச் சரிவராததற்குக் காரணம் இதுதான்.

வளையும் மூக்கு என்ன செய்யும்?

சில எண்ணெய் டின்களின் வாயில் பிளாஸ்டிக் மூடி ஒன்று பதிந்திருக்கும். காதைப் பிடித்து இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே எழும்பி மூக்காக நிற்கும். அமுக்கினால் உள்ளே போய்விடும். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரிதான். உள்ளே போய்விடுவதால் டின் மேல் டின் அடுக்கலாம்.

இது வளைவதால் என்ன லாபம்? 15 கிலோ டின்னை முழுக்கத் தூக்கிக் குறி பார்த்து ஊற்ற வேண்டியதில்லை. டின்னை ஒரு மணையின் மேல் வைத்து, லேசாகச் சாய்த்து, மூக்கை மட்டும் பாட்டில் வாய்க்குத் திருப்பலாம். இடுப்புவலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. டின், கேன் விற்கும் கடைகளில் இந்த மூக்கு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் டின் வாயின் அளவை நூலால் அளந்து எடுத்துப் போங்கள்.

ஒரு குறையும் இதில் உண்டு. மடிப்புக்குள் பழைய எண்ணெய் தங்கும், தூசி சேரும். வாரம் ஒருமுறை கழற்றி, சீயக்காயோ சோப்போ போட்டு வெந்நீரில் கழுவி, ஈரம் போக நன்றாகக் காயவைத்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

மூக்கு கிடைக்காதவர்கள் புனல் வைத்து ஊற்றலாம். ஆனால் புனல் பாட்டில் வாயில் இறுக்கமாக உட்கார்ந்தால், பாட்டிலுக்குள் இருக்கும் காற்று வெளியே வர வழியில்லாமல் புனலில் எண்ணெய் அப்படியே நிற்கும். இடையில் சுத்தமான ஒரு ஈர்க்குச்சியைச் செருகுங்கள். காற்று வெளியேறும், எண்ணெய் இறங்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு சோதனை

நாங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே பாருங்கள்.

• ஒரு பெரிய தட்டின் மேல் வைத்து 10 பாட்டிலுக்கு வெறும் டின்னால் ஊற்றுங்கள். தட்டில் சேர்ந்த எண்ணெயை மில்லி அளவு போட்ட கப்பில் அளந்து எழுதுங்கள்.
• அடுத்த 10 பாட்டிலுக்குப் புனல்.
• அதற்கடுத்த 10 பாட்டிலுக்கு வளையும் மூக்கு.
• எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறியுங்கள்.

மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். மூக்கின் விலையை, மிச்சமாகும் எண்ணெயின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று குழுவே முடிவு செய்யட்டும்.

இதில் மட்டும் கவனக்குறைவு வேண்டாம்

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. ஆகவே, பூச்சிமருந்து வந்த கேன், அதன் மூடி, அதன் மூக்கு எதையும் எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டு எண்ணெய்க்குப் பயன்படுத்தவே கூடாது. வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். ஓட்டை போட்டு நசுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

உப்பளத்தில், வயலில் ஆயில் இன்ஜினுக்கு டீசல் ஊற்றும்போது சிலர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். டீசல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குப் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். டீசலுக்கென்று தனி மூக்கு, தனி புனல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டால் சமையல் எண்ணெய் மூக்கோடு மாறிப் போகாது.

சூடான எண்ணெயைப் பிளாஸ்டிக் மூக்கு வழியாக ஊற்றவே வேண்டாம்.

வியாபாரத்துக்கு முன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மாநில அரசு விலக்கு கொடுத்தால் தவிர, சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கக் கூடாது. அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அளக்கும் படி, கப்புக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். கிலோவில் வாங்கி லிட்டரில் விற்கும்போது, ஒரு லிட்டர் என்பது 910 கிராம்தான் என்பதை மனதில் வைத்து விலை போடுங்கள். வாடிக்கையாளர் கேட்டாலும் கூச்சப்படாமல் விளக்கிச் சொல்லுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

உறுப்பினர்களே, கடன் வாங்கித் தொழில் தொடங்குவது எப்படி என்று நிறையப் பேசியிருக்கிறோம். விற்பனையைக் கூட்டுவது பற்றியும் பேசியிருக்கிறோம். கையில் இருப்பது சிந்தாமல் பார்த்துக்கொள்வதும் தொழில்தான். அதற்குப் பெரிய மிஷின் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். காற்றுக்கு ஒரு வழி விட்டால் போதும், எண்ணெய் தன் வழியில் ஒழுங்காக வரும்.

உங்கள் குழுவின் சோதனைக் கணக்கை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதி எடுத்து வாருங்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.