பத்மஸ்ரீ கிடைத்தது, சீடர்கள் எங்கே?

நமது நாடாளுமன்ற நிருபர்

ஐதராபாத்: தெலங்கானா பழங்குடியினரின் இரு பத்மஸ்ரீ கலைஞர்கள் 2024-ஆம் ஆண்டில் நான்கு மாத இடைவெளியில் மறைந்தனர். கோயா இனத்தின் கஞ்சு மேளக் கலைஞர் சகினி ராமச்சந்திரய்யா ஜூன் 23-லும், ராஜ கோண்டு இனத்தின் குஸ்ஸாடி நடனக் கலைஞர் கனக ராஜு அக்டோபர் 25-லும் காலமாயினர். இவர்களது கலையை இளைஞர்களிடம் கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்துள்ளது.

கனக ராஜுவின் ஊர் ஆசிஃபாபாத் மாவட்டத்து மர்லவாய். குமுரம் பீம் 1940-ல் நிஜாம் போலீஸாரால் கொல்லப்பட்ட பின், மானுடவியலாளர் ஹைமண்டார்ஃப் தங்கியிருந்து கோண்டு இளைஞர்களுக்கு ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கிய ஊரும் அதுவே.

தீபாவளியை ஒட்டி வரும் தண்டாரி விழாவில், மயிற்பீலி மகுடம் சூடி, உடலில் சாம்பல் பூசி ஆடுவது குஸ்ஸாடி. குழு ஊர் ஊராகச் செல்லும்போது, மூத்தவர்களுடன் ஆடியே இளைஞர்கள் கற்கின்றனர். கனக ராஜுவும் பலருக்குப் பயிற்சி அளித்தார். விழா உள்ளவரை ஆட்டம் பிழைத்துக்கொள்ளும்.

கோயாக்களின் நிலை வேறு. ராமச்சந்திரய்யா வெறும் மேளக்காரர் அல்லர். குலக் கதைகளையும் மேடாரம் சம்மக்கா–சாரலம்மா வரலாற்றையும் நினைவிலிருந்தே பாடியவர். தாளம் விரைவில் கைவரலாம். கதை கைவர கோயா மொழி வேண்டும். பள்ளியில் மாணவன் படிப்பதோ தெலுங்கு. சந்தாலி, போடோ மொழிகளை எட்டாவது அட்டவணையில் சேர்த்த 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் கோண்டிக்கும் கோயாவுக்கும் இடம் கிடைக்கவில்லை.

மத்திய அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. தஞ்சாவூர் தென்மண்டலப் பண்பாட்டு மையம் உள்ளிட்ட ஏழு மையங்கள் வழியாக 'குரு–சிஷ்ய பரம்பரை'த் திட்டம் செயல்படுகிறது. குருவுக்கு மாதம் 7,500 ரூபாய், பக்கவாத்தியக்காரருக்கு 3,750, சீடருக்கு 1,500 என்பது நாடாளுமன்றத்தில் கலாசார அமைச்சகம் அளித்துள்ள கணக்கு. தில்லியில் தாளில் படிக்கும்போது கௌரவமாகவே தெரிகிறது. ஆனால் அந்த 1,500 ரூபாயைச் சில நாள் கூலி வேலையிலேயே ஓர் இளைஞன் ஈட்டிவிடுவான்.

ஐதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் குமுரம் பீம் ஆதிவாசி பவன் 2022 செப்டம்பர் 17-ல் திறக்கப்பட்டது. கட்டடத்துக்கு நிதி ஒதுக்க அரசுகள் தயங்குவதில்லை. கதை தெரிந்த முதியவரிடம் நான்கு இளைஞர்களைச் சில ஆண்டுகள் அமர்த்தும் செலவுக்குத்தான் குரல் கொடுக்க ஆளில்லை. மக்களவையில் மானியக் கோரிக்கைகள் வரும்போது, கலாசார அமைச்சகத்தின் கோரிக்கை பெரும்பாலான ஆண்டுகளில் 'கில்லட்டின்' முறையில் விவாதமின்றியே நிறைவேறிவிடுகிறது.