கேமரா யாரோடு ஓடுகிறது?



குறைந்த செலவில் எடுக்கப்படும் போலீஸ் படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். நினைவுச் சொற்பொழிவுக்கு இது ஒரு தலைப்பா என்று சிலர் கேட்டார்கள். நம் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பவை அவை என்பதால்தான் பேசுகிறேன்.

ஒரு காவல் நிலையம், ஒரு ஜீப், இரவுத் தெருக்கள், நான்கைந்து நடிகர்கள். இத்தகைய படத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் சிக்கனம் பணத்தோடு நிற்பதில்லை. தேடப்படுகிறவனுக்கு ஊர் இருக்காது, தாய் இருக்க மாட்டாள். அதையெல்லாம் காட்ட நேரம் வேண்டுமே! துரத்தல் சேரிக்குள் நுழைந்தால் அங்கு வாழ்கிறவர்கள் உருண்டோடும் குடங்களாக மட்டுமே தெரிவார்கள். கேமரா போலீஸின் தோளுக்குப் பின்னால் ஓடுகிறது. நாமும் நம் தெருவுக்குள்ளேயே போலீஸாக ஓடுகிறோம்.

செலவைக் காரணம் சொல்வோருக்கு வெற்றிமாறனின் ‘விசாரணை’யைக் காட்டலாம். 2016இல் திரைக்கு வந்த அதுவும் பெரிய செலவில் எடுத்த படமல்ல. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திரக் காவலில் தான் பட்டதை ‘லாக்கப்’ நாவலாக எழுதினார். அதிலிருந்து பிறந்த படம். குண்டூருக்குப் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளிகள் பூங்காவில் படுத்துறங்குகிறார்கள். பெரிய வீடொன்றில் திருட்டு நடக்கிறது. மேலிடம் நெருக்குகிறது, ஆள் வேண்டும். கேட்க நாதியற்றவன் கையில் சிக்குகிறான். ‘ஒத்துக்கொள்’ என்று அடிக்கிறார்கள். தேடல் அங்கே முடிந்துவிடுகிறது, குற்றவாளியைக் கண்டுபிடிக்காமலே.

பின்பாதியில் வேட்டையும் உண்டு. காவலில் நடந்த ஒரு சாவைத் தெரிந்துகொண்டதுதான் அவர்கள் செய்த குற்றம். இருட்டில் போலீஸ் தேடி வரும்போது கேமரா தண்ணீருக்குள் பதுங்கியவனோடு மூச்சைப் பிடித்துக் கிடக்கிறது.

மணியாச்சியில் நின்று இதைப் பேசும்போது குண்டூர் வரை போக வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று, இதே ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். குற்றவாளிகளைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். வளைகுடாவுக்குப் போய் உழைத்த பணத்தில் நம் மக்கள் வாங்கிய பொருட்களை நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டுகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் அழித்தார்கள். குடிநீர்க் கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. சான்றிதழுக்குள் எந்தக் குற்றவாளி ஒளிந்திருந்தான்? மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021இல் வந்தபோது இந்தப் பக்கத்தில் பலருக்கு அது சினிமாவாகத் தெரியவில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் பிடித்த தந்தையையும் மகனையும் அடைத்தது கோவில்பட்டி கிளைச் சிறையில். ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகத்தான் புகார். இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் தலித்துகள் அல்லர். லத்தி பழகியது எங்கே என்பதை மட்டும் யோசியுங்கள்.

செல்போனில் குறும்படம் எடுக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். போலீஸ் கதையே எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜீப் ஊரைவிட்டுப் போன பிறகு முதல் காட்சியை வையுங்கள். எரிந்த சான்றிதழுக்கு நகல் கேட்டுப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் நிற்கட்டும். எதற்காக என்று தலைமையாசிரியர் கேட்கட்டும்.