தோலுக்குப் பெயர் உண்டா?

மிருதங்கம் என்றால் புதுக்கோட்டைக்குத் தனிப் பாணி உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையிடம் தொடங்கிய வழி அது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் பயின்று, ஆண்களே வாசித்த காலத்தில் மேடையேறியவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள்.

அதே பாணியைப் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் கற்றவர் திருச்சி சங்கரன். 1971இல் ஜான் ஹிக்கின்சுடன் சேர்ந்து கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். பல்லாண்டு கற்பித்தார், கச்சேரியையும் விடவில்லை. 2011இல் சங்கீத கலாநிதி ஆனார்.

வாசித்தவர் பெயரும் கற்பித்தவர் பெயரும் நிலைக்கின்றன. பலாக்கட்டையில் மாடு, ஆடு, எருமைத் தோல்களைப் பதம் பார்த்துக் கட்டி, நாதம் வரவைப்பவர் பெயர்? அவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்கள் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் நூலாக்கியபோது, வெளியீட்டுக்குத் தந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது.

மிருதங்கம் பல்கலைக்கழகப் பாடம் என்றால், அதைச் செய்யும் அறிவும் பாடம்தான். செய்பவரும் அங்கே ஆசிரியராக அமர வேண்டும். இசை படிக்கும் மாணவர்களே, உங்கள் மிருதங்கத்தைச் செய்தவர் யார் என்று முதலில் கேளுங்கள்.