உங்களுக்குத் தெரியுமா? கால்சட்டையில் ஃபிளமெங்கோ ஆடிய பெண்கள்

19ஆம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயினின் மாலகாவைச் சேர்ந்த ஒரு பெண் காளைச்சண்டை வீரனின் உடையில் ஃபிளமெங்கோ ஆடி, பாரிஸ் ரசிகர்களையும் வியக்க வைத்தார். அவர் திரினிதாத் உவெர்த்தாஸ். மேடைப்பெயர் 'லா குவெங்கா'.

• மரபு வகுத்த எல்லை: பெண்ணுக்குக் கைகளும் இடுப்பும், ஆணுக்குக் காலடித் தாளம்.

• பார்சலோனாவின் கடற்கரைக் குடிசைப் பகுதியில், ஜிப்சி குடும்பத்தில் பிறந்த கார்மென் அமாயா அந்த எல்லையை உடைத்தெறிந்தார். இடுப்புவரை ஏறிய இறுக்கமான கால்சட்டை, இடிபோல் இறங்கும் பாதங்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்த ஆண்களே குறைவு!

• ஆனால் 1951இல் ஃபிளமெங்கோ ஆடற்கலைஞர் விசென்தே எஸ்குதேரோ ஆண்களுக்காக வகுத்த பத்து விதிகளில் முதலாவதே, ஆண் ஆணாகவே ஆட வேண்டும் என்பதுதான்.

• அந்த விதிக்கு மாறாக, 2019இல் ஆடற்கலைஞர் மனுவேல் லின்யானின் 'விவா' நிகழ்ச்சியில் ஆண்கள் நீள்வால் பாவாடை உடுத்தி, பெண்களுக்குரிய அசைவுகளை முழு நளினத்தோடு ஆடினார்கள்.