4ஜியா, 5ஜியா? மலைமேல் ஒரு செல்போன் கணக்கு

ரெட்மி ஏ4 5ஜி, ரெட்மி 14சி 5ஜி. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு என்ன வித்தியாசம் என்று கேட்டால், விற்கிற பையனே ஒரு நொடி தயங்குவான். இரண்டிலும் 6.88 அங்குலத் திரை, அதே 120 ஹெர்ட்ஸ். 5,160 எம்.ஏ.எச். பேட்டரி, 50 மெகாபிக்சல் கேமரா. முதுகில் அதே பெரிய வட்டம். ஏ4 வந்தது 2024 நவம்பரில், ஆரம்ப விலை 8,499 ரூபாய். 14சி வந்தது 2025 ஜனவரியில், 9,999 ரூபாய். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. விலை வித்தியாசம் 1,500.

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றி நடமாடுகிறவர்களில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, மிளகும் காபியும் விற்றுவிட்டு வருகிறவர்கள் உண்டு, லாட்ஜில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உண்டு. இவர்களில் யாருக்கும் 1,500 ரூபாய் சும்மா தூக்கிக் கொடுக்கிற காசு இல்லை. ‘ரெண்டும் 5ஜிதானே, எதுக்குக் கூடக் கொடுக்கணும்?’ என்று கேட்பது நியாயமான கேள்விதான். பதில் பெட்டியின் முன்பக்கத்தில் இல்லை. பொடி எழுத்தில், சிப்பின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 14சி-யில் இருப்பது ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2. ஏ4-ல் இருப்பது ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2. அந்த ஒரு ‘எஸ்’ஸில்தான் சங்கதி.

5ஜியை இந்தியாவில் இரண்டு விதமாக விரித்தார்கள். 2022 அக்டோபரில் சேவை தொடங்கியபோது ஜியோ தனக்கென்று முழுக்கப் புதிய கட்டமைப்பைப் போட்டது. இதை எஸ்.ஏ., அதாவது ஸ்டாண்ட் அலோன் என்கிறார்கள். ஏர்டெல் அப்படிச் செய்யவில்லை. ஏற்கெனவே இருக்கும் 4ஜி கட்டமைப்பின் முதுகில் 5ஜியை ஏற்றியது. அது என்.எஸ்.ஏ. ஏ4-ல் உள்ள சிப்புக்கு எஸ்.ஏ. மட்டும்தான் தெரியும். அதனால் அந்த போன் கடைக்கு வந்த நேரத்தில், ஜியோ சிம் போட்டவருக்கு 5ஜி கிடைத்தது. ஏர்டெல் சிம் போட்டவருக்கு 4ஜியோடு சரி. போன் பழுது இல்லை, சிம்மும் பழுது இல்லை. ‘5ஜி’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த போனில் 4ஜி மட்டுமே காட்டினால், வாங்கியவர் ரீசார்ஜ் கடையிலும் கஸ்டமர் கேரிலும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். 14சி இரண்டு வகையையும் எடுத்துக்கொள்ளும்.

ஆக, விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ‘உங்க கையில என்ன சிம்?’ என்பது. வாங்குகிறவருக்கு அதைக் கேட்கத் தோன்றாது. விற்கிறவராவது கேட்டிருக்க வேண்டும். அப்போது ஜியோ வைத்திருந்தவர் ஏ4-ஐ வாங்கி 1,500 ரூபாயை மிச்சம் பிடித்திருக்கலாம், தப்பே இல்லை. ஏர்டெல்காரருக்கு அது போலிச் சிக்கனமாக இருந்தது.

சமவெளியில் இந்த விவகாரம் இவ்வளவோடு முடிந்துவிடும். சேர்வராயன் மலையில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஏற்காடு டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அதைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள், ஒவ்வொன்றும் ஒரு மடிப்பில். ஏரிப் பக்கம் நின்றால் கிடைக்கும் சிக்னல், நாகலூர் பாதையில் ஒரு சரிவு இறங்கினால் அப்படியே இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. காரணம் எளிமையானது. அலைவரிசை எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு வேகமாக டேட்டா வரும். ஆனால் தூரம் போகாது, மேட்டையும் மரத்தையும் தாண்டாது. 5ஜியின் முக்கிய அலைவரிசையான 3,500 மெகாஹெர்ட்ஸ் இந்த ரகம். 700 மெகாஹெர்ட்ஸ் நேர் எதிர்: வேகம் மட்டு, ஆனால் வளைந்து நெளிந்து வீட்டுக்குள் வரை வரும். 2022 ஏலத்தில் தனியார் கம்பெனிகளில் 700-ஐ எடுத்தது ஜியோ மட்டும்தான். பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கும் அந்த அலைவரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. போனின் விவரப் பட்டியலில் இது ‘பேண்ட் 28’ என்றும் ‘என்28’ என்றும் இருக்கும். பி.எஸ்.என்.எல். சிம்மை விடாமல் வைத்திருக்கும் மலைக்காரர்கள், வாங்கப்போகும் மாடலில் பேண்ட் 28 இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பி மாடல்களில் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போவது உண்டு.

சிக்னல் மங்கினால் பேச்சு மட்டும் கெடுவதில்லை. கோபுரம் எட்டவில்லை என்றால் போன் தன் குரலை உயர்த்திக் கத்துகிறது. பேட்டரி கரைகிறது, பின்பக்கம் சுடுகிறது. 4ஜிக்கும் 5ஜிக்கும் நடுவே மாறி மாறித் தாவினாலும் அதே கதைதான். காலையில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போன போன், தொடாமலேயே மத்தியானத்துக்குள் பாதியாகிறது என்றால் போனைத் திட்டுவதற்கு முன் செட்டிங்ஸில் நெட்வொர்க்கை 4ஜியில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். கருங்கல் சுவர் வைத்த பழைய பங்களாக்களில் இருப்பவர்களுக்கு வைஃபை காலிங் இன்னும் பெரிய உபகாரம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் அதை ஆரம்பித்தன. பிராட்பேண்ட் இருந்தால் போதும், கோபுரமே இல்லாமல் அழைப்பு போகும். ஆனால் போன் அதை ஏற்க வேண்டும்.

‘அப்படியானால் 5ஜி வராத ஊரில் 5ஜி போன் எதற்கு? 4ஜியே போதுமே’ என்று அடுத்த கேள்வி வரும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பாதிதான் சரி.

2023 ஆகஸ்ட் 1-ம் தேதி ஒரே மேடையில் ரெட்மி 12 4ஜியும் ரெட்மி 12 5ஜியும் அறிமுகமாயின. இரண்டிலும் 6.79 அங்குலத் திரை, இரண்டிலும் 5,000 எம்.ஏ.எச்., இரண்டிலும் கண்ணாடி முதுகு. வங்கி கார்டு தள்ளுபடி போக ஆரம்ப விலை 8,999, 10,999. அகலமான காட்சியை எடுக்கிற அல்ட்ரா வைட் கேமரா, விலை குறைந்த 4ஜி மாடலில் இருந்தது. விலை கூடிய 5ஜி மாடலில் இல்லை! லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலம் நகரத்தை ஒரே சட்டத்தில் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு மலிவான போன்தான் தோது. இதை வைத்துப் பார்த்தால் 4ஜி ஜெயித்துவிட்டது என்றே தோன்றும்.

உள்ளே திறந்து பார்த்தால் கதை மாறுகிறது. 4ஜி மாடலில் ஹீலியோ ஜி88, அது 12 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்த பழைய சிப். 5ஜி மாடலில் 4 நானோமீட்டரில் செய்த ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2. அளவு சிறுக்கச் சிறுக்க அதே வேலைக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும், சூடும் குறையும். அதைவிட முக்கியமானது ஸ்டோரேஜ். இரண்டு பெட்டியிலும் ‘128 ஜிபி’ என்றுதான் இருக்கும். ஆனால் 4ஜி மாடலில் போட்டிருப்பது இ.எம்.எம்.சி. 5.1, 5ஜியில் யு.எஃப்.எஸ். 2.2. முன்னது ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். பின்னது இரண்டையும் சேர்த்தே செய்யும். வாங்கிய முதல் மாதம் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வாட்ஸ்அப்பில் குடும்பக் குரூப், ஊர்க் குரூப், சங்கத்துக் குரூப் எல்லாம் வீடியோவைக் கொட்டி, ஸ்டோரேஜ் முக்கால்வாசி நிரம்பிய இரண்டாவது வருஷத்தில்தான் தெரியும். கூகுள் பே திறக்கும்போது போன் நின்று யோசிக்கும், பின்னால் வரிசை நிற்கும். கூடக் கொடுத்த 2,000 ரூபாய் வேலை செய்தது இங்கேதான். 5ஜி சிக்னலே இல்லாத சரிவில் இருந்தாலும் அந்த ஜோடியில் 5ஜி மாடல்தான் சரியான தேர்வாக இருந்தது. 

இதற்கு நடுவே ‘ராம் பூஸ்ட்’, ‘8 ஜிபி வரை’ என்று பளபளக்கும் ஸ்டிக்கரைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ஸ்டோரேஜிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி ராம் என்று பெயர் சூட்டுகிறார்கள், அவ்வளவுதான். மூன்று கேமராவில் மூன்றாவதாக வரும் 2 மெகாபிக்சல் வட்டம் பெரும்பாலும் அலங்காரம்.

சாம்சங் இன்னொரு விதமாகக் குழப்பும். 2023 டிசம்பரில் கேலக்ஸி ஏ15 5ஜி, 2024 மார்ச்சில் எஃப்15 5ஜி, ஏப்ரலில் எம்15 5ஜி. மூன்றிலும் டைமென்சிட்டி 6100+ சிப், 6.5 அங்குல அமோலெட் திரை, நான்கு ஆண்ட்ராய்டு அப்டேட், ஐந்து வருஷப் பாதுகாப்பு அப்டேட். பெயர் மாறக் காரணம் விற்கும் இடம்: எஃப் வரிசை ஃப்ளிப்கார்ட்டுக்கு, எம் வரிசை அமேசானுக்கு, ஏ வரிசை முக்கியமாகக் கடைகளுக்கு. எஃப்15 தொடங்கியது 12,999 ரூபாயில்; ஏ15 வந்தபோது 19,499. ஏ15 8 ஜிபி ராமோடு வந்தது, எஃப்15 4 ஜிபியில் ஆரம்பித்தது என்பதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரிதுதான். வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த எஃப்15-ல் பேட்டரி 6,000, ஏ15-ல் 5,000. ‘ஆன்லைனுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா?’ என்று மொபைல் கடைக்காரர் சங்கங்கள் வருஷக்கணக்காகக் குமுறுவது இதனால்தான்.

மலைக்காரர் 636601 என்று பின்கோடு போட்டு ஆர்டர் செய்துகொள்ளலாம். ஆனாலும் கடையில் வாங்குவதில் ஒரு லாபம் உண்டு. போன் மக்கர் செய்தால் பேச ஒரு முகம் இருக்கும். அங்கேயே பெட்டியைத் திருப்பி, தயாரித்த மாதமும் வருஷமும் பார்க்கலாம். அப்டேட் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஒன்றரை வருஷம் கழித்து ‘ஆஃபர்’ என்று தள்ளிவிடப்படும் ஏ15-க்கு ஐந்து வருஷத்தில் மூன்றரைதான் பாக்கி. பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தி, திரையில் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

தவணை பற்றியும் ஒரு வார்த்தை. ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்பதில் வட்டி இல்லாமல் இல்லை. அந்த வட்டியைக் கம்பெனியோ கடையோ தள்ளுபடியாக ஏற்கிறது. ரொக்கமாகக் கொடுப்பவர் அதே தள்ளுபடியைக் கேட்டுப் பார்க்கலாம், சில இடங்களில் பேச்சு படியும். பிராசஸிங் ஃபீஸ் தனி. ஏ4-க்கும் 14சி-க்கும் ஆரம்ப விலையில் இருந்த 1,500 ரூபாய் வித்தியாசத்தைப் பத்துத் தவணையாக்கினால் மாதம் 150 என்று விற்பனையாளர் சொல்வார். அது உண்மை. வீட்டில் இருப்பது ஜியோ சிம் என்றால், அந்த 150-ம் தேவையில்லை என்பதும் உண்மை.

கடைசியில் கவர். ஏ15-ன் தடிமன் 8.4 மி.மீ., எஃப்15-ன் தடிமன் 9.3 மி.மீ. திரை அளவு ஒன்றுதானே என்று ஏ15 கவரை எஃப்15-க்கு மாட்டினால் ஏறாது. கடைகளில் ஓடுகிற மாடலுக்கு டெம்பர்ட் கிளாஸும் கவரும் மலைமேலேயே சுலபமாகக் கிடைக்கும், ஆன்லைன் மாடலுக்குத் தேட வேண்டியிருக்கும். திரையே உடைந்தால் பெரும்பாலான கம்பெனிகளின் சர்வீஸ் சென்டருக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்த்தான் தீர வேண்டும். உதிரி பாகம் ஸ்டாக்கில் இல்லை என்றால், இன்னொரு நாள் இன்னொரு முறை. காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் அப்படி இரண்டு நாள் கூலி போனால், ஆன்லைனில் மிச்சம் பிடித்ததில் பாதி காணாமல் போயிருக்கும்.