தோட்டத்து நாய்க்கு ஆபத்தா? கைவைத்தியத்தில் நேரத்தைக் கரைக்காதீர்கள்!

மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால், உடனே கால்நடை மருத்துவரைத் தேடிப் போகிறோம். தோட்டத்தைக் காக்கும் நாயோ, நெல் மூட்டையை எலியிடமிருந்து காக்கும் பூனையோ சுருண்டு படுத்தால், 'தானாகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். விஷம், பாம்புக்கடி, வெயில் தாக்கம் மூன்றிலும் பிழைப்பதும் பிழைக்காததும் முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

ஈறைப் பாருங்கள்

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ, நீலம் பாரித்தோ இருந்தால் காத்திருக்காதீர்கள். ஈறு இயல்பிலேயே கறுப்பாக உள்ள நாய்க்கு, கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

விஷம்

பூச்சிமருந்து உள்ளே போயிருந்தால் பெரும்பாலும் எச்சில் ஒழுகும். வாந்தி, கழிச்சல், தசைத் துடிப்பு, வலிப்பு வரும். எலி மருந்தில் ஒரு வகை ரத்தத்தை உறையவிடாது. அதைத் தின்ற நாய் 2 முதல் 5 நாள்வரை தெம்பாகவே திரியும். பிறகுதான் ரத்தம் கசியும். அதனால், தின்றது தெரிந்தவுடனே மருத்துவரிடம் போக வேண்டும். உரமாக இடும் ஆமணக்குப் பிண்ணாக்கும் நாய்க்குக் கடும் விஷம். வாசனைக்கு இழுபட்டுத் தோண்டித் தின்னும்; மூட்டையைத் திறந்து போடாதீர்கள்.

உப்புக் கரைசல், எண்ணெய், பால் எதையும் புகட்டாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே உயிரைப் பறிக்கும். மருந்து உடம்பில் பட்டிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பாம்புக்கடி

விரியன் கடித்தால் முகமோ, காலோ மளமளவென்று வீங்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியில் வீக்கம் குறைவாகவும் இருக்கலாம். இமை தொங்கும், பின்னங்கால் தள்ளாடும். கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் சாக்கில் கிடத்தித் தூக்கிச் செல்லுங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும்.

வெயில் தாக்கம்

நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். வெயிலில் கிடந்த நாய் விடாமல் இரைத்துத் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பிறகு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பூனைக்குத் தனிக் கவனம்

காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால், அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி, சொட்டுகூட வராவிட்டால் அன்றே காட்ட வேண்டும்.

கேள்வி: நாய் வாயை மூட முடியாமல் எச்சில் வடிக்கிறது. எலும்பு சிக்கியிருக்குமோ? கையை விட்டு எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வெறிநோயிலும் தாடை தொங்கி, விழுங்க முடியாமல் இப்படித்தான் இருக்கும். அருகில் போகாமல், ஓரிடத்தில் அடைத்துவைத்து மருத்துவரை அழையுங்கள். எச்சில் காயத்தில் பட்டிருந்தாலோ, கடித்திருந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போடுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். தூக்குவதற்கு முன் துண்டால் வாயைக் கட்டுங்கள். வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ கட்டக் கூடாது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962. உங்கள் ஊருக்கு வருமா, நாய் பூனைக்கும் பார்ப்பார்களா என்று இப்போதே கேட்டு, மருத்துவர் எண்ணோடு சேர்த்துத் தொழுவச் சுவரில் எழுதி வையுங்கள்.